பாலைவனத்தை வெறுமை என்று சொன்னது யார்?

எமது வாசகர் வட்டத்தின் சென்ற மாதக் கூட்டத்தில் எழுந்த வாய்த்தர்க்கமே இக்கட்டுரைக்குக் காரணம். அன்று எனது கருத்தை முழுமையாகச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை. மஃரிபுக்குப் பாங்கு சொல்லவே கூட்டம் கலைந்துவிட்டது. அன்று விட்டதை எழுதியாவது தீர்க்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். யாரையும் தனிப்பட நோவினை செய்யும் எண்ணம் எனக்கில்லை. ஆனால், பிழையான ஒரு கருத்தை நோகாமல் விட்டுவிடும் எண்ணமும் இல்லை.

விடயம் இதுதான். என்னிடம் ஐந்தாம் வகுப்பில் படித்து இப்போது உயர்தரத்தில் பயிலும் ஒரு பையன், கொம்பியூட்டரில் இசை செய்பவன். வட்டத்துக்கு ஒழுங்காக வருவான், வாய் திறக்கமாட்டான். அன்று மடிக்கணினியொன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "சேர், இதக் கொஞ்சம் பாருங்க, பாலைவனத்துல செஞ்ச கச்சேரி" என்றான். பிரெஞ்சு இசைக்கலைஞர் ஜோன் மிஷேல் ஜார் 2006 டிசம்பர் 16ஆம் திகதி மொறோக்கோவின் மெர்ஸூகா கிராமத்துக்கு அருகே, எர்க் ஷெப்பி மணற்குன்றுகளின் முன்னால் நடத்திய இலத்திரனியல் இசை நிகழ்வின் பதிவு அது. 'வாழ்வுக்கான நீர்' என்ற பொருளில் அதற்குப் பெயரிட்டிருந்தார்கள். 2006ஆம் ஆண்டைப் பாலைவனங்களுக்கும் பாலைவனமாதலுக்குமான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை பிரகடனம் செய்திருந்தது. அதையொட்டியே நிகழ்வு நடந்தது. மணலில் நட்ட உயரமான திரைகளிலும் பின்னாலுள்ள குன்றுகளிலும் நீரின் படங்கள் விழுந்துகொண்டிருக்க, விசைப்பலகைகளின் மத்தியில் நின்று ஜார் வாசிக்கிறார்.

படம் முடிந்ததும் இருவர் பேசினார்கள். ஒருவர் எமது கவிஞர் நண்பர். "இயற்கையின் மடியில் வைத்ததும் இயந்திரம்கூடப் புனிதமாகிவிடுகிறது. பாலைவனத்தில் யாருமில்லை, வரலாறில்லை, அர்த்தங்களின் சுமையில்லை. தூய வெறுமையில் தூய ஒலி. இனி இசையின் திசை இதுதான்" என்றார். மற்றவர் மார்க்கம் கற்றவர், நல்ல வாசகர், என்னைவிட அதிகம் வாசிப்பவர். "அல்லாஹ் அமைதியாகப் படைத்த இடத்தில் மின்சாரச் சத்தத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவது அநியாயம். இது குரலுமல்ல, கருவியுமல்ல, பொய்ச் சத்தம். அந்த வெட்டவெளிக்கு அமைதிதான் அழகு" என்றார்.

இருவரும் எதிரெதிரே நின்று வாதாடுவதாகவே எல்லோரும் நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இருவரும் ஒரே பாயில்தான் உட்கார்ந்திருந்தார்கள். பாலைவனம் வெறுமையானது என்பதே அந்தப் பாய். ஒருவருக்கு அந்த வெறுமை மேடை, மற்றவருக்கு அது கெட்டுப்போகக் கூடாத அமைதி. அங்கே மனிதர் இருக்கிறார்கள் என்பது இருவருடைய பேச்சிலும் வரவில்லை. என் சண்டை அதனோடுதான்.

முதலில் 'பொய்ச் சத்தம்' என்ற குற்றச்சாட்டைப் பார்ப்போம். இசை கூடுமா கூடாதா என்ற வழக்கைத் தீர்க்க நான் இங்கு வரவில்லை. அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். இமாம் கஸ்ஸாலி அவர்களே தமது இஹ்யாவில் இசை கேட்டலுக்கென்று தனியொரு பாகம் ஒதுக்கி விரிவாகப் பேசியிருக்கிறார்கள் என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு நகர்கிறேன். என் கேள்வி வேறு. மின்சாரத்தால் வந்த சத்தம் பொய், தோலாலும் நரம்பாலும் வந்த சத்தம் மெய் என்று யார் வகுத்தது?

இலத்திரனியல் இசையின் பிறப்பைப் பற்றிப் பேசுவோர் பாரிஸ் நகரிலிருந்து தொடங்குவதே வழக்கம். 1948இல் பியேர் ஷாபேர் என்பவர் புகையிரதங்களின் ஓசையைப் பதிவுசெய்து, வெட்டி ஒட்டி, இசையாக்கினார். ஜாரும் பின்னாளில் ஷாபேரின் இசைக்கூடத்தில் பயின்றவரே. ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாக, 1944இல், கெய்ரோவில் ஹலீம் அல் தப் என்ற எகிப்திய இளைஞர் வானொலி நிலையமொன்றிலிருந்து கம்பியில் ஒலி பதியும் கருவியொன்றை இரவல் வாங்கினார். பெண்கள் கூடிப் பாடும் 'ஸார்' என்னும் பேயோட்டுச் சடங்கின் குரல்களைப் பதிந்தார். பின் அந்தக் குரல்களிலிருந்து சொற்களை உருக்கிக் களைந்து எதிரொலியை மட்டும் மிதக்கவிட்டு ஒரு படைப்பைச் செய்தார். அவர் கொப்டிக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தச் சடங்கோ கெய்ரோவின் ஏழை முஸ்லிம் பெண்களிடம் பெருவழக்காக இருந்தது. இந்த இசை வகையின் மிக ஆரம்பகாலப் படைப்புகளுள் ஒன்று இவ்வாறு கெய்ரோவில் பிறந்தது. அதன் மூலப்பொருள் இயந்திரத்தின் முனகலல்ல, நோயுற்ற பெண்களுக்காகப் பெண்களே எழுப்பிய குரல். அதைப் பொய்ச் சத்தம் என்று எப்படிச் சொல்வது?

ஆகவே மின்சாரம் இங்கு குற்றவாளியல்ல. அப்படியானால் கவிஞர் சொல்வதுபோல் இயற்கைதான் அதைப் புனிதமாக்கியதா? அதுவும் இல்லை. அவர் 'யாருமில்லை, வரலாறில்லை' என்று சொன்ன இடம் எது என்று பார்ப்போம்.

மெர்ஸூகா தாபிலால்த் என்னும் பெரும் பாலைவனச் சோலைப் பிரதேசத்தின் தெற்கு விளிம்பில், அல்ஜீரிய எல்லைக்கு அண்மையில் இருக்கிறது. தாபிலால்தில்தான் ஸிஜில்மாஸா நகரம் இருந்தது. சஹாராவைக் கடந்து தங்கமும் உப்பும் போய்வந்த ஒட்டகத் தடங்களுக்கு அது ஒரு துறைமுகம் போன்றது. எமது தீவுக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறிய அதே இப்னு பதூதா, 1352இல் மாலி தேசத்துக்குப் புறப்பட்டது அந்த ஸிஜில்மாஸாவிலிருந்துதான். அங்கே அவருக்கு விருந்தளித்தவரின் சகோதரரை அவர் முன்னரே சீனாவில் சந்தித்திருந்தார் என்பது அவருடைய பயண நூலில் உள்ள செய்தி. சீனாவில் ஒரு தம்பியும் சஹாராவின் வாசலில் ஒரு காக்காவுமாக மனிதர் வாழ்ந்த இடத்தைத்தான் நண்பர் வெறுமை என்கிறார்.

அந்த மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதும் படத்தில் தெரியாது. 'கத்தாரா' என்று அவர்கள் சொல்லும் நிலத்தடி நீர்வழிகள் அங்கே இருக்கின்றன. மேட்டு நிலத்தின் அடியில் ஊறும் நீரை, மெல்லிய சரிவில் தோண்டிய சுரங்கத்தின் வழியாக, மோட்டாரோ மின்சாரமோ இல்லாமல், தோட்டம்வரை நடத்திக்கொண்டு வருவார்கள். சுரங்கத்தைத் துப்புரவு செய்ய இறங்கும் கிணறுகள் மேலே புற்றுகளைப்போல வரிசையாகத் தெரியும். யாருக்கு எத்தனை நேரம் தண்ணீர் என்பது குடும்பங்களுக்குள் முறையாகப் பங்கிடப்பட்டிருக்கும். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்து வட்டை விதானையோடு சண்டை பிடிக்கும் எம்மூர் வயற்காரனுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1965இல் ஸிஸ் ஆற்றில் வந்த பெருவெள்ளத்துக்குப் பின் 1971இல் ஹஸன் அத்தாகில் அணை கட்டப்பட்டது. ஆற்றின் ஓட்டம் மாறியது. பின்னர் மோட்டார்க் கிணறுகள் பெருகி நிலத்தடி நீர் இறங்கியது. இவற்றோடு வறட்சியும் சேர, கத்தாராக்கள் பல வறண்டு போயின. பாலைவனமாதல் என்று ஐக்கிய நாடுகள் சபை சொல்லும் சொல்லுக்கு அந்த ஊரில் இதுதான் பொருள்.

இன்னொன்றும் உண்டு. நிகழ்வு நடந்த அதே 2006ஆம் ஆண்டு மே மாதத்தில் மெர்ஸூகாவில் திடீர் வெள்ளம் வந்தது. மண்ணால் கட்டிய வீடுகள் கரைந்து விழுந்தன, உயிர்களும் போயின. நீர் இல்லாததால் வாடும் ஊர், நீராலேயே அடிபட்டு ஏழு மாதம் ஆகாத நிலையில் அந்தத் திரைகளில் நீரைப் பார்த்தது. 2004 டிசம்பரைக் கண்ட கரையோர மக்களான எமக்கு, அந்தத் திரைகளின் முன்னால் நின்றவர்களின் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசிக்கத் தெரிய வேண்டும். வெறுமை வெறுமை என்று சொல்லிக்கொண்டிருந்தால் யோசிக்க முடியாது.

ஒலியும் அங்கே புதிதாக இறக்குமதியானதல்ல. மெர்ஸூகாவுக்குச் சற்றுத் தெற்கே கம்லியா என்றொரு சிற்றூர் இருக்கிறது. சஹாராவுக்கு அப்பாலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த க்னாவா மக்கள் அங்கு வாழ்கிறார்கள். மூன்று நரம்புள்ள கும்ப்ரியையும் இரும்புத் தாளங்களையும் வைத்துக்கொண்டு, சுகம் வேண்டி இரவு முழுக்க நடக்கும் அவர்களது கூட்டிசைக்கு யுனெஸ்கோ 2019இல்தான் அங்கீகாரம் கொடுத்தது. கெய்ரோவின் ஸாருக்கும் இதற்கும் உறவு உண்டு. எமது பக்கீர் பாவாக்களின் றபானை நெருங்கி நின்று கேட்ட காதுக்கு அந்த உறவு கொஞ்சம் பிடிபடும். ஆகவே அமைதியாக இருந்த இடத்தில் சத்தத்தைக் கொட்டினார்கள் என்ற இரண்டாவது நண்பரின் வாதமும் நிற்காது. அங்கே அமைதி இருக்கவில்லை. கேட்கப்படாத சத்தம் இருந்தது.

பாலைவனத்தை வெறுமையென்று எமக்குக் கற்றுத்தந்தது யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சினிமா கற்றுத்தந்தது. 1962இல் வெளிவந்த 'லோரன்ஸ் ஒஃப் அரேபியா' படத்தில் எல்லையற்ற மணலும் அதன் நடுவே ஒரு வெள்ளைக்காரனும்தான் எமது ஞாபகத்தில் நிற்பவை. அப்படத்தின் சில காட்சிகள் மொறோக்கோவில் எடுக்கப்பட்டவை. அதற்கு இசையமைத்து ஒஸ்கார் விருது பெற்றவர் மொரிஸ் ஜார். மெர்ஸூகாவில் வாசித்த ஜோன் மிஷேல் அவருடைய மகன். தகப்பனின் இசை எந்தப் பாலைவனத்தை எமது காதில் ஏற்றியதோ, அதே கண்ணோடுதான் எமது கவிஞர் மகனின் கச்சேரியையும் பார்த்திருக்கிறார்.

ஆனால் மகன் அவ்வாறு செய்யவில்லை என்பதே என் கட்சி. மெர்ஸூகா நிகழ்வுக்கு நுழைவுக் கட்டணம் இருக்கவில்லை. சுமார் 25,000 பேர் வந்தார்கள். மொறோக்கோ இசைக்கலைஞர்கள் அவரோடு மேடையில் வாசித்தார்கள். பேசப்பட்ட பொருள் அந்த ஊரின் தலையாய பிரச்சினையான தண்ணீர். குறை இல்லையென்று நான் சொல்லவில்லை. மன்னரின் அனுசரணை இருந்தது. தன் நாட்டுக்கு நல்ல முகம் தேட விரும்பும் எந்த அரசும் இப்படியொரு இரவை விரும்பத்தான் செய்யும். ஓர் இரவின் வெளிச்சத்தால் வறண்ட கத்தாரா ஊறிவிடவும் மாட்டாது. இருந்தும், ஊரவன் தன் ஊரில் நடந்ததைக் காசில்லாமல் வந்து பார்த்தான், தன் நாட்டவன் வாசிக்கக் கேட்டான். இது சிறிய விடயமல்ல. எவ்வளவு பெரிய விடயம் என்பதை அறிய இன்னொரு இரவை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

2017 ஏப்ரல் 6ஆம் திகதி. அதே ஜார். அதே இலத்திரனியல் இசை. கண்ணைப் பறிக்கும் இயற்கை. பேசுபொருள் மீண்டும் நீர். இம்முறை இடம் சாக்கடலின் மேற்குக் கரையில், மஸாதா மலைக்கோட்டையின் அடிவாரம். சாக்கடலைக் காப்பாற்றுவோம் என்பது அறைகூவல். காப்பாற்ற வேண்டியது உண்மைதான். அதன் நீர்மட்டம் ஆண்டுக்கு ஒரு மீற்றருக்கு மேல் இறங்கிக்கொண்டிருக்கிறது, கரையோரம் குழிகளாக உள்வாங்குகிறது. ஏன் இறங்குகிறது? அதற்கு வந்துசேர வேண்டிய ஜோர்தான் ஆற்று நீர் வழியிலேயே எடுக்கப்படுகிறது. 1964இல் இஸ்ரேல் தனது தேசிய நீர்க் கால்வாயைத் திறந்து திபேரியா ஏரியின் நீரைத் தெற்கே கொண்டுபோனது. சிரியாவும் ஜோர்தானும் யர்மூக் கிளையாற்றை மறித்தன. இரு கரைகளிலுமுள்ள பொட்டாசியத் தொழிற்சாலைகள் கடல்நீரை வற்றவைத்து உப்பெடுக்கின்றன. 1967இன் பின் ஜோர்தான் ஆற்றிலிருந்து பங்கு கிடைக்காமற் போனவர்கள் மேற்குக் கரைப் பலஸ்தீனர்கள்.

அந்தப் பலஸ்தீனர்கள் இஸ்ரேலிய அனுமதிப் பத்திரமில்லாமல் மஸாதாவுக்கு வர முடியாது. எதிர்க்கரையிலுள்ள ஜோர்தானியன் வெளிச்சத்தைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கலாம். நுழைவுச்சீட்டு விற்கப்பட்டது. யாருடைய தண்ணீர் என்ற கேள்வியின் முக்கியமான மனிதர்களை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுத் தண்ணீரைப் பற்றி இசை வாசிக்கப்பட்டது.

இப்போது கவிஞர் நண்பரிடம் கேட்கிறேன். கலைஞர் ஒருவரே, கருவிகள் ஒன்றே, இயற்கை இரண்டிலும் பிரமாண்டம், நோக்கம் இரண்டிலும் நீர். இயற்கைதான் இசையைப் புனிதமாக்கும் என்றால் இரண்டு இரவும் ஒன்றாக இருக்க வேண்டுமே! மார்க்க நண்பரிடமும் கேட்கிறேன். மின்சாரச் சத்தம்தான் அநியாயம் என்றால் இரண்டும் ஒரே அளவு அநியாயமாக இருக்க வேண்டுமே! இரண்டும் ஒன்றல்ல என்பதை உங்கள் இருவருடைய மனமும் இந்நேரம் ஒப்புக்கொண்டிருக்கும். அங்கே யார் நிற்க முடிந்தது, யார் நிற்க முடியவில்லை என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

அதன் பின் வந்த நாகரிகம் இன்னொரு படி போய்விட்டது. வருபவர்களே வேண்டாம், கமெரா போதும் என்ற நிலை. சேர்க்கிள் என்ற பிரெஞ்சு நிறுவனம் உலகின் அழகான இடங்களைத் தேடிப் பிடித்து இத்தகைய நிகழ்வுகளைப் படமாக்குகிறது. 2019இல் வந்த அதன் படமொன்றில், பொலிவியாவின் ஊயுனி உப்புவெளியில் எஃப்.கே.ஜே. என்ற பிரெஞ்சுக் கலைஞர் வெண்பரப்பின் நடுவே தனியே நின்று வாசிக்கிறார். 2020இல் வந்த இன்னொன்றில், துருக்கியின் கப்படோக்கியாவுக்கு மேலே வெப்பவாயு பலூனில் மிதந்தபடி பென் போமர் என்ற ஜெர்மானியர் வாசிக்கிறார். இசை நன்றாகவே இருக்கிறது. நானும் இரண்டு தடவை கேட்டேன், மறைக்கவில்லை. ஆனால் கடல்மட்டத்திலிருந்து 3,600 மீற்றருக்கு மேலே, பத்தாயிரம் சதுர கிலோமீற்றர் பரந்த அந்த வெளியின் ஓரத்தில் கொல்சானி என்ற ஊர் இருக்கிறது. உப்பு வெட்டிச் சீவிப்பவர்கள் அங்கு இருக்கிறார்கள். அந்த உப்பின் கீழே எமது கைத்தொலைபேசி பற்றரிகளுக்கு வேண்டிய லித்தியம் இருக்கிறது. அதை யார் எடுப்பது, யாருக்கு என்ன கிடைப்பது என்ற வழக்கு அந்நாட்டில் ஓயவில்லை. அந்தப் பற்றரியில் ஓடும் தொலைபேசியிலேயே நாம் அந்த வெளியைப் பார்த்து 'ஆஹா, யாருமில்லாத வெளி' என்கிறோம். இதைவிடப் பெரிய கேலி என்ன இருக்கிறது?

"கலையிடம் போய் அடையாள அட்டை கேட்கலாமா மாஸ்டர்?" என்று கவிஞர் கேட்பார். எனக்குத் தெரியும், கேட்காமல் விடமாட்டார். அவருக்கு என் பதில்: கலையிடம் நான் அடையாள அட்டை கேட்கவில்லை. கலையின் பெயரால் ஊரவனிடம் அடையாள அட்டை கேட்கப்பட்டதையே சுட்டுகிறேன். சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்று வளர்ந்த எமக்கு இந்த வித்தியாசம் விளங்காமற் போகக் கூடாது. மெர்ஸூகா நிகழ்வு நடந்த 2006ஆம் ஆண்டில் நான் ஆசிரிய கலாசாலையில் பயிற்சியிலிருந்தேன். ஆகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் கையில் அகப்பட்டதோடு ஊரை விட்டு நடந்த ஆண்டு அது. அக்காலத்தில் கிழக்கைப் பற்றி வெளிநாட்டார் அச்சிட்ட சுற்றுலாப் படங்களிலும் நீலக் கடலும் வெள்ளை மணலும் இருந்தன. மனிதர் இருக்கவில்லை. எமது ஊரும் யாரோ ஒருவருடைய வெறுமையாகத்தான் இருந்தது. அதை அனுபவித்தவர்கள் அடுத்தவன் ஊரை வெறுமை என்று எழுதக் கூடாது.

கடைசியாக அந்தப் பையனைப் பற்றி. கூட்டம் கலைந்தபின் அவன் என்னோடு நடந்து வந்தான். ஒருவர் அவனுக்குக் கருவியை விடச் சொன்னார். மற்றவர் மலையுச்சிக்குப் போய் வாசிக்கச் சொன்னார். "நீங்க என்ன சேர் சொல்றீங்க?" என்று கேட்டான். அவன் எங்கே வாசிக்க நினைத்திருக்கிறான் என்று கேட்டேன். களப்போரத்தில், பொழுது படும் நேரம், மூன்று நண்பர்கள் படமெடுக்க, என்றான். அந்த நேரத்தில் அங்கே தோணியிழுப்பவர்கள் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் வாப்பாவின் தோழர்கள்தான் என்று எனக்குத் தெரியும். முதலில் அவர்களோடு ஒரு வாரம் போய்வா, தண்டுவலிக்கும் சத்தத்தையும் அவர்கள் ஆளையாள் கூப்பிடும் சத்தத்தையும் கேட்டுக்கொள், வாசிக்கும் நாளில் அவர்களை முன்வரிசையில் உட்கார வை, என்றேன். "அவங்க படத்துல வந்தா காட்சி கெட்டுருமே சேர்" என்றான்.

பிழை அவனுடையதல்ல. அவன் பார்த்த படங்கள் அப்படி. அவற்றைப் பாராட்டி நாம் பேசிய பேச்சு அப்படி. அந்தப் பேச்சை மாற்றுவது எழுதுகிறவர்களான எமது வேலை. எங்கோவோர் அழகிய வெளியில் யாரோ இசைக்கும் படம் இனி எமது வட்டத்துக்கு வந்தால், காட்சியை மெச்சுமுன் மூன்று கேள்விகளைக் கேட்போம். அந்த ஊரவன் எங்கே? அவன் உள்ளே வர முடிந்ததா? மறுநாட் காலையில் அவனுக்கு என்ன மிஞ்சியது? இவற்றுக்குப் பதில் இருக்குமானால், கருவி மின்சாரத்தில் ஓடினாலும் றபானில் அடித்தாலும் நான் முன்வரிசையில் உட்காரச் சம்மதம். கவிஞர் நண்பரும் மார்க்க நண்பரும் மறுப்பெழுதட்டும். அடுத்த கூட்டத்தை அஸருக்கு முன்பே தொடங்குவோம்.